வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டரைச் சுலபமாக்கிக் கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வீட்டில் வயதானவர் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார் என்றால், அதை அவருக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் விழும். இதைப் படிக்கிறீர்கள் என்றால் அநேகமாக அது உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அது பாதி வேலைகூட இல்லை. நேற்று இருந்தது இன்றைக்கும் அதே இடத்தில் இருக்க வேண்டும், தெரியாமல் எதையாவது தொட்டுவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் பெரியவர்கள் தைரியமாக உட்காருவார்கள். இல்லையென்றால் எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நீங்கள் வரும்வரை கம்ப்யூட்டரைத் தொடாமலே இருப்பார்கள்.

கீழே சொல்வதெல்லாம் விண்டோஸ் 11ஐ வைத்து. விண்டோஸ் 10ல் சில பெயர்கள் மாறும், அக்சசிபிலிட்டி என்பது அங்கே ஈஸ் ஆஃப் அக்சஸ் என்று இருக்கும், மற்றபடி வழி ஏறக்குறைய இதேதான்.

முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

எந்த செட்டிங்ஸையும் தொடுவதற்கு முன்னால் அவரை உட்காரவைத்து, "தினமும் என்ன செய்வீங்களோ அதைச் செய்ங்க, நான் சும்மா பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். மவுஸைக் கையிலிருந்து வாங்காதீர்கள், "அது அங்கே இருக்கு" என்று விரலை நீட்டாதீர்கள். அரை மணி நேரம் இப்படிப் பார்த்தாலே எதை மாற்ற வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். மெயில் பார்ப்பதற்கு பிரவுசரைத் திறந்து, தேடும் பெட்டியில் மெயிலின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, வருவதில் முதலில் இருப்பதைக் கிளிக் செய்பவர்கள் நிறையப் பேர். அந்த முதல் வரி பல சமயம் விளம்பரமாக இருக்கும், சில சமயம் மோசடியாகவும் இருக்கும். இவருக்கு வேண்டியது பெரிய எழுத்து இல்லை, மெயிலுக்கு நேராகப் போகும் ஒரு ஐகான்.

தலையையும் கவனியுங்கள். திரையைப் பார்க்கும்போது முகவாயைத் தூக்கிக்கொண்டு கீழ்க்கண்ணால் படிக்கிறாரா? அப்படியென்றால் அவர் போட்டிருப்பது பைஃபோக்கல் அல்லது புரோக்ரெசிவ் கண்ணாடியாக இருக்கும். பக்கத்தில் இருப்பதைப் படிக்கிற பகுதி அந்தக் கண்ணாடியின் அடியில் இருக்கிறது. மானிட்டர் உயரமாக இருந்தால் அந்தப் பகுதி வழியாகப் பார்க்கக் கழுத்தைப் பின்னால் சாய்த்துத்தான் ஆக வேண்டும், கொஞ்ச நேரத்தில் கழுத்து வலி வந்துவிடும். மானிட்டரை நன்றாகக் கீழே இறக்கி, மேல்பக்கம் சற்றே பின்னால் சாய்ந்திருக்கும்படி வைத்தால் சரியாகிவிடும். மானிட்டருக்கு அடியில் புத்தகத்தை அடுக்கி உயர்த்தும் யோசனை கண்ணாடி போடாத இளையவர்களுக்குச் சரி, இவர்களுக்கு நேர் எதிர்.

பார்த்து முடித்ததும் இரண்டு வேலை. ஸ்டார்ட்டில் ரீஸ்டோர் பாயிண்ட் (ஏதாவது தப்பானால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி) என்று தேடி ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் இப்போது இருக்கும் டெஸ்க்டாப்பை போனில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். எது எங்கே இருந்தது என்று பிறகு கேட்டால் பதில் சொல்லலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். முதல் நாள் கண்ணுக்கும் கைக்கும் வேண்டியது மட்டும், மற்றது அடுத்த வாரம்.

கண்ணுக்கு

நாற்பது வயதைத் தாண்டியதும் கிட்டத்தில் பார்வையைக் குவிப்பது குறைய ஆரம்பிக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கி, உள்ளே போகும் வெளிச்சமும் குறைகிறது, கண்ணின் லென்ஸ் மஞ்சளடிப்பதால் நீல நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதும் கஷ்டமாகிறது. இதைப் பலரும் யோசிப்பதில்லை. அதனால்தான் வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்து என்றால் அளவு பெரிதாக இருந்தாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. அளவைப் போலவே, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசமும் முக்கியம். ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்காதபடி மேசையைத் திருப்பி, அறைக்கு நல்ல விளக்கு போட்டுவிட்டு அப்புறம் செட்டிங்ஸுக்குப் போங்கள்.

விண்டோஸ் கீயோடு ஐ கீயைச் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அங்கே சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே, அதில் ஸ்கேல். இதை 125 அல்லது 150 சதவீதம் வைத்தால் எழுத்து, ஐகான், பட்டன் எல்லாம் சேர்ந்து பெரிதாகும். ரெசல்யூஷனைக் குறைத்துப் பெரிதாக்கும் பழைய பழக்கம் வேண்டாம், எழுத்தின் ஓரமெல்லாம் மங்கிப்போய் இருக்கிற பார்வைக்கும் கஷ்டம் கொடுக்கும். ரெசல்யூஷனுக்குப் பக்கத்தில் ரெகமெண்டட் என்று எது இருக்கிறதோ அதிலேயே இருக்கட்டும். ஸ்கேல் மாற்றிய பிறகும் எழுத்து மட்டும் போதவில்லை என்றால் அக்சசிபிலிட்டியில் டெக்ஸ்ட் சைஸ் இருக்கிறது, 225 சதவீதம் வரை போகும். ஆனால் இரண்டையும் அளவுக்கு மீறி ஏற்றினால் சில புரோகிராம்களில் ஓகே பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். அவர் தினமும் திறக்கும் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதே அக்சசிபிலிட்டியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதிகம் பேர் எட்டிப் பார்க்காத இடம், பெரியவர்களுக்கு ரொம்ப உதவும். ஸ்க்ரோல் பார் எப்போதும் தெரியும்படி வையுங்கள், இல்லையென்றால் அது மெல்லிசாகி மறைந்துபோய், பக்கத்துக்குக் கீழே இன்னும் இருக்கிறது என்பதே தெரியாது. டிரான்ஸ்பரன்சியையும் அனிமேஷனையும் அணைத்துவிடுங்கள். நோட்டிஃபிகேஷன் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதும் இங்கேதான். வழக்கமாக 5 விநாடி, அதற்குள் கண்ணாடியைத் தேடிப் போடவே முடியாது. 30 விநாடியோ ஒரு நிமிடமோ வையுங்கள்.

டார்க் மோடு நல்லதா என்று கேட்பார்கள். கண்புரை இருந்து வெளிச்சம் கூசுகிறவர்களுக்கு இதமாக இருக்கலாம், அஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத குறை) இருப்பவர்களில் சிலருக்குக் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து கலங்கித் தெரியும். உங்கள் ரசனைக்கு வைக்காமல் இரண்டையும் போட்டுக் காட்டி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

கைக்கு

பெரும்பாலான சிக்கல் மவுஸில்தான். டபுள் கிளிக் செய்யும்போது அவருடைய கையைக் கிட்டத்தில் பாருங்கள். முதல் கிளிக் விழுகிறது. இரண்டாவது கிளிக்குக்காக விரல் இறங்கும்போது மணிக்கட்டும் சேர்ந்து நகர்கிறது, மவுஸ் ஒரு நெல்மணி அளவு தள்ளிப்போகிறது. கம்ப்யூட்டர் அதை டபுள் கிளிக்காக எடுத்துக்கொள்ளாமல் இழுத்ததாக எடுத்துக்கொள்கிறது. ஐகான் நகர்ந்துவிடும், அல்லது பக்கத்தில் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே விழுந்துவிடும். "என் போட்டோ எல்லாம் காணாமப் போச்சு" என்று போன் வருவதற்குப் பல நேரம் காரணம் இதுதான், வைரஸ் இல்லை.

இதற்கு நேரான மருந்து, டபுள் கிளிக்கையே ஒழித்துவிடுவது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து மேலே மூன்று புள்ளியில் ஆப்ஷன்ஸ் போனால், முதல் பக்கத்திலேயே சிங்கிள் கிளிக்கில் திறப்பதற்கான தேர்வு இருக்கும். பிரவுசரில் எப்படி ஒரு கிளிக்கோ, அதேபோல டெஸ்க்டாப்பிலும் ஒரு கிளிக் என்றாகிவிடும், எங்கே ஒன்று எங்கே இரண்டு என்ற குழப்பமே இருக்காது. ஆனால் வருஷக்கணக்காக டபுள் கிளிக்குக்குப் பழகிய கை என்றால் ஒரே பொருள் இரண்டு தடவை திறந்துகொள்ளும். அப்படிப்பட்டவருக்கு இதை மாற்றாமல், மவுஸ் செட்டிங்ஸில் டபுள் கிளிக் வேகத்தை மட்டும் குறைத்துக் கொடுங்கள்.

கை நடுக்கம் அதிகம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். எத்தனை பிக்சல் நகர்ந்தால் இழுப்பதாகக் கணக்கு என்பதை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் உள் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) மாற்ற முடியும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கரண்ட் யூசர், கண்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்று போனால் டிராக்ஹைட், டிராக்விட்த் என்று இரண்டு இருக்கும், இரண்டுமே வழக்கமாக 4. அதை 20 அல்லது 30 ஆக்கிவிட்டு, லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வந்தால் சின்ன நடுக்கத்துக்கெல்லாம் ஐகான் அசையாது. ரெஜிஸ்ட்ரியில் வேறு எதையும் தொடாதீர்கள். அப்படியும் ஒரு ஃபைல் எங்காவது விழுந்துவிட்டால் உடனே கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இந்த ஒரு ஷார்ட்கட்டை மட்டும் கட்டாயம் கற்றுக்கொடுங்கள், "எது ஆனாலும் திரும்பக் கொண்டுவரலாம்" என்ற நம்பிக்கை இதிலிருந்துதான் வரும்.

அம்புக்குறியைப் பெரிதாக்க அக்சசிபிலிட்டியில் மவுஸ் பாயிண்ட்டர் பக்கம் இருக்கிறது, அளவு 1லிருந்து 15 வரை. 3 அல்லது 4 போதும், அதற்கு மேல் போனால் அம்பே பட்டனை மறைக்கும். நிறத்தையும் பளிச்சென்று மாற்றுங்கள். அப்புறம் கூடுதல் மவுஸ் செட்டிங்ஸில் பாயிண்ட்டர் ஆப்ஷன்ஸ் போனால், கண்ட்ரோல் கீயைத் தட்டியதும் அம்பைச் சுற்றி வட்டம் காட்டும் வசதி இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். அம்பின் வேகத்தையும் குறையுங்கள். லேப்டாப் என்றால் டச்பேடு வேண்டாம், சாதாரண மவுஸ் ஒன்று வாங்கி மாட்டி, மவுஸ் இருக்கும்போது டச்பேடு வேலை செய்யாதபடி டச்பேடு செட்டிங்ஸில் வைத்துவிடுங்கள். டைப் அடிக்கும்போது உள்ளங்கை பட்டு எழுத்து எங்கோ போகிற தொல்லை அதோடு போய்விடும்.

திரையில் திறந்திருக்கும் விண்டோவை நகர்த்தும்போது ஓரத்தில் பட்டதும் திரையில் பாதியாக ஒட்டிக்கொள்ளும் ஸ்னாப் வசதியை, சிஸ்டம் பகுதியில் மல்டிடாஸ்கிங்கில் அணைத்துவிடுங்கள். நமக்கு வசதியாக இருப்பது அவர்களுக்குத் திடீரென்று திரை உடைந்த மாதிரி இருக்கிறது.

கீபோர்டு

ஷிஃப்ட் கீயை 5 தடவை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி வரும், வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் பெட்டி வரும். அவர் பயந்துபோய் அந்தப் பெட்டியில் யெஸ் (Yes) அழுத்திவிட்டால் கீபோர்டே கெட்டுப்போன மாதிரி இருக்கும். அக்சசிபிலிட்டியில் கீபோர்டு பக்கம் போய் இந்த ஷார்ட்கட்டுகளை அணையுங்கள். ஆனால் விரலை எடுக்கத் தாமதமாகி ஒரே எழுத்து பத்து தடவை விழுகிறவருக்கு ஃபில்டர் கீஸ் நிஜமாகவே உதவும், அவருக்கு நீங்களே போட்டு அமைத்துக் கொடுங்கள். டாகிள் கீஸ் எல்லாருக்கும் நல்லது, கேப்ஸ் லாக் தெரியாமல் விழுந்தால் சத்தம் போட்டுச் சொல்லும். பாஸ்வேர்டு ஏறாததற்குப் பெரிய காரணம் அந்த கேப்ஸ் லாக்தான்.

தமிழில் எழுதுகிறவர் என்றால் லாங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழும் இங்கிலீஷும் மட்டும் இருக்கட்டும், மற்றதை நீக்குங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் அழுத்தினால் மொழி மாறும் என்று காட்டிக் கொடுங்கள். இங்கிலீஷ் எழுத்தை வைத்துத் தட்டிப் பழகியவருக்கு விண்டோஸிலேயே தமிழ் ஃபொனடிக் கீபோர்டு இருக்கிறது.

டெஸ்க்டாப்பும் டாஸ்க்பாரும்

டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் மட்டும் இருக்கட்டும், உண்மையான ஃபைல் எதுவும் வேண்டாம். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் அவற்றைப் போட்டுவிட்டு, அந்த ஃபோல்டருக்கு ஒரு ஷார்ட்கட் வெளியே. தெரியாமல் டெலீட் அடித்தாலும் போவது ஷார்ட்கட் மட்டும்தான், நீங்கள் ஒரு நிமிடத்தில் மறுபடி போட்டுவிடலாம்.

அவர் பயன்படுத்துவது ஐந்தாறு விஷயம் என்றால் ஐந்தாறு ஐகான் போதும். பெயரை அவர் வாயில் வரும் சொல்லிலேயே வையுங்கள்: "மெயில்", "பேத்தி போட்டோ", "பேப்பர் படிக்க". வெப்சைட்டுக்கு ஐகான் வேண்டுமென்றால், பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முகவரிக்கு இடதுபக்கம் இருக்கும் சின்னத்தைப் பிடித்து டெஸ்க்டாப்பில் இழுத்துப் போட்டால் வந்துவிடும். காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, வியூவில் லார்ஜ் ஐகான்ஸும் ஆட்டோ அரேஞ்சும் போடுங்கள், ஐகான் வரிசையை விட்டு ஓடாது. பின்னணிக்கு ஒரே அடர்நிறம் வையுங்கள். பேரப்பிள்ளை போட்டோவைப் பின்னணியாக வைக்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அதன் மேல் ஐகான் பெயரைப் படிக்கவே முடியாது. அந்தப் போட்டோவை லாக் ஸ்க்ரீனில் வையுங்கள்.

டாஸ்க்பாரில் விட்ஜெட்ஸ், டாஸ்க் வியூ இரண்டையும் எடுத்துவிடுங்கள். பல வருஷம் ஸ்டார்ட் பட்டனை இடது மூலையில் பார்த்துப் பழகியவர் என்றால், டாஸ்க்பார் அலைன்மெண்ட்டை லெஃப்ட் ஆக்கி அதே மூலைக்குக் கொண்டுபோய் வையுங்கள். சின்ன மாற்றம், ஆனால் அவர் முகத்தில் தெரியும் நிம்மதி பெரியது. நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் அடியில் டிப்ஸ், பரிந்துரை என்று இருப்பதையெல்லாம் அணையுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாக வந்து நிற்கிற தேவையில்லாத புரோகிராம்களையும் நிறுத்துங்கள். வைரஸ் தடுப்பு போன்றவற்றைத் தொட வேண்டாம்.

பிரவுசர்

நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. ஒரே ஒரு பிரவுசர் வையுங்கள், அவருக்குப் பழக்கமானது. பேஜ் ஜூம் 125 அல்லது 150. திறந்ததும் அவர் தினமும் பார்க்கும் பக்கங்களே வரும்படி அமையுங்கள், புக்மார்க் பார் எப்போதும் தெரியட்டும். தெரியாமல் ஒரு டேபை மூடிவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றும் சேர்த்து அழுத்தினால் திரும்ப வரும்.

வெப்சைட்கள் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று கேட்பதையே தடுத்துவிடுங்கள். குரோமில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். ஏற்கெனவே அனுமதி வாங்கியவற்றின் பட்டியலும் அங்கேயே இருக்கும், தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று மூலையில் வந்து பயமுறுத்துவது பெரும்பாலும் இப்படி அனுமதி வாங்கிய ஒரு வெப்சைட்தான். விளம்பரத் தடுப்புக்கு ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் வடிவம். இதை நான் பாதுகாப்பு ஏற்பாடாகவே பார்க்கிறேன், ஏனென்றால் பெரியவர்கள் ஏமாறும் போலி டவுன்லோடு பட்டன்கள் விளம்பரமாகத்தான் வருகின்றன.

தப்பு நடந்தாலும் கெடாதபடி

அவருக்கு ஸ்டாண்டர்டு யூசர் கணக்கு கொடுங்கள், அட்மின் கணக்கு தனியாக உங்களிடம் இருக்கட்டும். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியில், அதர் யூசர்ஸில் மாற்றலாம். அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் பெரும்பாலான புரோகிராம்களை நிறுவ முடியாது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்பதை அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவருடைய கம்ப்யூட்டர் அது.

திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஒலித்து, ஒரு போன் நம்பர் வந்தால் என்ன செய்வது? அந்த நம்பருக்குக் கூப்பிடவே கூடாது. எஸ்கேப் கீயை அழுத்திப் பிடிக்க வேண்டும், போகவில்லையென்றால் ஆல்ட்டும் எஃப் 4ம், அதுவும் முடியாவிட்டால் பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்படி அணைத்தால் கெட்டுப்போகும் என்று பயப்படுவார்கள், இந்த நேரத்தில் அதுதான் சரி என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரியாத இடத்தில் எதையாவது அழுத்திவிட்டால் உங்களிடம் சொல்லத் தயங்கக் கூடாது, அதற்கு நீங்கள் ஒரு தடவைகூடக் கோபப்பட்டிருக்கக் கூடாது. திட்டு வாங்கிய பிறகு யாரும் அடுத்த தடவை சொல்ல மாட்டார்கள்.

போட்டோக்களுக்கு இரண்டாவது பிரதி கட்டாயம், ஆன்லைனிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ. அப்டேட் பக்கத்தில் ஆக்டிவ் ஹவர்ஸை அவர் உட்காரும் நேரத்துக்கு ஏற்ப வைத்தால் நடுவில் ரீஸ்டார்ட் ஆகாது.

தூரத்திலிருந்து உதவுவது

விண்டோஸில் க்விக் அசிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. கண்ட்ரோல், விண்டோஸ் கீ, க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். உதவி செய்யும் நீங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போய் ஒரு கோடு (ரகசியக் குறியீடு) வாங்கி, போனில் அவரிடம் சொல்ல வேண்டும், அவர் அதைத் தட்டி அனுமதி கொடுத்தால் அவருடைய திரை உங்களுக்குத் தெரியும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே இதை ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். கூடவே ஒரு விதியும் சொல்லுங்கள்: கூப்பிட்டவர் யாராக இருந்தாலும், எந்த பாங்க் பெயரைச் சொன்னாலும், வீட்டு ஆள் தவிர வேறு யார் சொல்லும் கோடையும் தட்டக் கூடாது. மோசடிக்காரர்களும் இதே மாதிரி புரோகிராம்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு தாள்

ஒரே ஒரு பக்கத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் டிராயரில் போய்விடும், அவரே எழுதியது மானிட்டர் பக்கத்தில் ஒட்டப்படும். ஆன் செய்வது, மெயில், போட்டோ, அணைப்பது, சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, இவ்வளவுதான். பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட எவ்வளவோ மேல். கம்ப்யூட்டருக்குள் போவதற்கு பின் நம்பர் வைத்துக் கொடுங்கள்.

மேக், லினக்ஸ், பழைய கம்ப்யூட்டர்

மேக் வைத்திருப்பவர் அதிலேயே இருக்கட்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி போனால் டிஸ்ப்ளே பகுதியில் அம்பின் அளவு மாற்றலாம், அம்பு திரையின் மூலையில் பட்டதும் தானாக ஏதாவது திறக்கும் ஹாட் கார்னர்ஸை மட்டும் அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கம்ப்யூட்டர் 11ஐ ஏற்காது, அவருக்கு வேண்டியதும் பிரவுசர் மட்டும்தான் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கலாம், கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று பழைய விண்டோஸ் சாயலில் இருக்கும். ஆனால் நீங்கள் லினக்ஸ் தெரிந்தவராக இருந்தால் மட்டும். தெரியாத ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் போனில் உதவி செய்ய முடியாது.

ஒரு வாரம் கழித்து

மறுபடி பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி பாருங்கள். "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டால் "ம், இருக்கு" என்றுதான் பதில் வரும், அதனால் கேட்காமல், செய்யச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் ஆசையாக மாற்றிய ஒன்று அவருக்குத் தொந்தரவாக இருந்தால் பழையபடியே வைத்துவிடுங்கள். விண்டோஸுக்கு வருஷத்துக்கு ஒரு பெரிய அப்டேட் வரும், அது முடிந்ததும் டாஸ்க்பாரில் புது ஐகான் ஏதாவது முளைத்திருக்கிறதா, பரிந்துரைகள் திரும்ப ஆன் ஆகியிருக்கின்றனவா, பிரவுசர் மாறியிருக்கிறதா என்று அவர் உட்காருவதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை உட்கார்ந்து சரிசெய்துவிடுங்கள்.